‘போலி’ என்ற சொல்: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வீட்டில் வெள்ளி, வகுப்பில் நன்னூல் என்று இரண்டு பக்கமும் ‘போலி’ என்ற சொல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பட்டறையில் அது சண்டை மூட்டும் சொல். வகுப்பில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. மாணவர்கள், கடைவீதிக்காரர்கள், ஏற்காட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று பலரும் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், ‘போலி’ என்றால் நேரான பொருள் என்ன?

‘போல்’ என்ற அடியோடு ‘இ’ சேர்ந்தால் போலி. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி. அதே மாதிரி, இன்னொன்றைப் போல இருப்பது போலி. அவ்வளவுதான். ஏமாற்று, பொய், திருட்டு எதுவும் அந்தச் சொல்லுக்குள் பிறவியிலேயே கிடையாது. போல, போன்ற, போலும், போன்மை எல்லாம் அதன் கூடப்பிறந்தவை. அவற்றில் எதையும் நாம் வசையாக நினைப்பதில்லை. ‘நிலா போல முகம்’ என்றால் பிள்ளையைக் கொஞ்சுகிறோம். ‘போலி முகம்’ என்றால் அந்த ஆளோடு பேச்சு முறிந்துவிட்டது.

நம் பக்கத்துப் பேச்சில் ‘போல’வைவிட ‘ஆட்டம்’ அதிகம். ‘அப்பனாட்டமே இருக்கான்’ என்போம். இல்லாவிட்டால் ‘மாதிரி’. இந்த ‘மாதிரி’யைக் கொஞ்சம் கவனியுங்கள். அதுவும் ஒப்பைத்தான் சொல்கிறது. ஆனால் மாதிரிப் பள்ளி என்றால் பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். போலிப் பள்ளி என்றால் அதிகாரிகள் பூட்டுப் போட வருவார்கள். பொருளில் இவ்வளவு நெருக்கமான இரண்டு சொற்கள் இத்தனை தூரம் பிரிந்து போனதுதான் என்னை இந்தச் சொல்லின் பின்னால் அலைய வைத்தது.

இலக்கணத்தில் படிக்கிற போலியும் இந்தப் போலியும் ஒன்றா?

ஒன்றேதான். ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருந்தால் அது போலி. மஞ்சு–மைஞ்சு முதற்போலி. அமச்சு–அமைச்சு இடைப்போலி. அகம்–அகன், பந்தல்–பந்தர் கடைப்போலி. எல்லா எழுத்தும் மாறியும் பொருள் நின்றால் முற்றுப்போலி. அதற்குப் பாடநூலில் வரும் உதாரணம் ஐந்து–அஞ்சு. சேலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை. ‘ஐந்து ரோடு என்று எழுதுகிறோம், அஞ்சு ரோடு என்று சொல்லி ஆட்டோ ஏறுகிறோம், ஆட்டோ வேறு இடத்தில் இறக்கிவிடுகிறதா?’ என்று கேட்பேன். முடிந்தது பாடம்.

சொற்கள் முன்பின்னாக மாறி நிற்கும் கால்வாய்–வாய்க்கால், நகர்ப்புறம்–புறநகர் போன்றவை இலக்கணப்போலி. இந்த இடத்தில் எல்லாம் போலி என்பது நாணயமான மாற்று ஆள். உள்ளே வந்த எழுத்து, வெளியே போன எழுத்தின் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. யாரும் ஏமாறுவதில்லை.

இந்தச் சொல்லுக்கு வயதும் அதிகம். தொல்காப்பியத்தின் உவமவியலில் ‘உவமப் போலி ஐந்தென மொழிப’ என்று வருகிறது. அங்கேயும் பழிப்பு இல்லை. இன்றைய அறிவியல் பாடத்தில் அமீபாவுக்குப் போலிக்கால் இருக்கிறது. கால் போல நீள்கிறது, கால் அல்ல. அமீபா யாரையும் ஏமாற்றவில்லை.

அப்படியானால் இந்தச் சொல் எங்கே கெட்டது?

ஒரே நாளில் கெடவில்லை. மெல்ல மெல்லச் சாய்ந்தது. அந்தச் சாய்வை நான் இப்படிப் பார்க்கிறேன்.

முதலில் ‘போல இருப்பது’. அதற்கு அடுத்த படி ‘போல இருக்கிறது, ஆனால் அது இல்லை’. இந்த இரண்டாம் படிக்கு நல்ல சாட்சி மணிமேகலை. அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். வாதத்தில் வரும் பிழைகளுக்கு அங்கே பக்கப்போலி, ஏதுப்போலி என்று பெயர். ஏது என்றால் காரணம். ஏதுப்போலி என்றால் காரணத்தைப் போலவே வந்து நிற்கும், சோதித்தால் காரணமாக இருக்காது. தவறாக வாதிடுபவன் கெட்டவன் என்று அந்தச் சொல் சொல்லவில்லை, வாதம் நிற்காது என்று மட்டும் சொல்கிறது. ஆனாலும் ‘பார்த்தால் ஒன்று, உரசினால் வேறொன்று’ என்ற எண்ணம் அப்போதே ‘போலி’க்குள் நுழைந்துவிட்டது.

திருக்குறளின் 1071ஆம் குறளை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ‘மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்.’ கயவர்கள் பார்ப்பதற்கு அப்படியே மனிதர்களைப் போலவே இருப்பார்கள், இப்படி ஓர் ஒப்புமையை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். ‘போலி’ என்ற சொல்லே அதில் இல்லை. ‘போல்வர்’ மட்டும்தான் இருக்கிறது. ஆனால் போல இருப்பதே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு என்பதை அந்தக் குறள் காட்டிவிடுகிறது.

மூன்றாம் படியைச் சந்தை போட்டது. அசலைப் போலச் செய்து, அசல் என்றே சொல்லி, அசலின் விலைக்கு விற்பது. ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று பல்பொடி முதல் ஊதுபத்தி வரை எல்லா அட்டைப்பெட்டியிலும் அச்சடித்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியங்களில் இதுவும் ஒன்று. அந்த வாக்கியத்தில் போலியும் ஏமாற்றமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதைத் திரும்பத் திரும்பப் படித்த நமக்குப் போலி என்றாலே ஏமாற்று என்று ஆகிவிட்டது.

கொலுசுக் கடையில் ‘டச்’ என்கிறார்களே, டச் குறைந்தால் அது போலிதானே?

இல்லை. இதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் இந்த ஒரு குழப்பத்தால் வந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. 70 டச் கொலுசு என்றால் நூறு கிராமில் 70 கிராம் வெள்ளி, மீதி செம்பு முதலான உலோகங்கள். சுத்த வெள்ளி மெதுவானது. காலில் போட்டு நடக்கிற நகைக்கு உறுதி வேண்டும், பற்றவைப்பு நிற்கவேண்டும், விலையும் வாங்குபவர் கைக்கு எட்டவேண்டும். அதனால் கலப்பு இருக்கத்தான் செய்யும். கேள்வி ஒன்றே ஒன்றுதான். கலந்ததைச் சொல்லி விற்றார்களா, சொல்லாமல் விற்றார்களா?

அப்பா உரைகல்லில் உரசிப் பார்த்து, துண்டுச் சீட்டில் எடையையும் டச்சையும் எழுதாமல் ஒரு ஜோடியைக்கூட வெளியே விடமாட்டார். ஒருமுறை ஒரு பெண்மணி பட்டறை வாசலில் வந்து நின்று, ‘கொலுசு கறுத்துப்போச்சு, இது போலிக் கொலுசு’ என்று சத்தம் போட்டார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. சீட்டைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்த டச்சைக் காட்டினார். வெள்ளி கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகத்தால். சுத்த வெள்ளியும் கறுக்கும் என்று சொல்லி, திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அந்த அம்மா சமாதானமாகிப் போய்விட்டார். அப்பாதான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ‘டச் கம்மின்னு சொல்லட்டும், வேலை சரியில்லைன்னு சொல்லட்டும். போலின்னு சொல்லிட்டாங்களே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குறை என்று சொன்னால் அது பொருளைப் பற்றிய பேச்சு. போலி என்று சொன்னால் அது ஆளைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. அது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கொலுசு வாங்கும்போது ரசீதில் டச்சை எழுதச் சொல்லிக் கேளுங்கள். தங்கத்துக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரையை மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். வெள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் வெள்ளியில் ரசீதுதான் உங்களுக்குப் பேச்சு. காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது, அதில் கலக்கும் செம்பும் ஒட்டாது.

கவரிங் நகை போலி நகைதானே?

பார்வைக்குப் போலி, நடத்தையில் நேர்மை. கவரிங் என்று பலகை வைத்து, கவரிங் என்று சொல்லி, கவரிங் விலைக்குக் கொடுக்கிறார்கள். வாங்குகிற பெண்ணுக்கும் தெரியும், பார்க்கிற நாத்தனாருக்கும் தெரியும். அதே வளையலைத் தங்கம் என்று அடகுக்கடையில் வைத்தால் அந்த நிமிடத்தில் அது ஏமாற்றுப் பொருளாகிவிடுகிறது. வளையல் மாறவே இல்லை. கூடச் சொன்ன வார்த்தைதான் மாறியது.

பெயர்களிலும் இது உண்டு. ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். எவர்சில்வரிலும் வெள்ளி இல்லை. ஆனால் உருக்காலை இருக்கிற இந்த ஊரில் எவர்சில்வர் குடத்தை வாங்கிவிட்டு, வெள்ளி என்று நினைத்து ஏமாந்தேன் என்று யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயர் பொய்யாக இருந்தாலும் பொய் வேலையைச் செய்வதில்லை.

போலியாகத் தொடங்கி அசலாக ஆன பொருள் ஏதாவது உண்டா?

உண்டு, நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. ஜவ்வரிசி.

ஜவ்வரிசி முதலில் கிழங்கிலிருந்து வந்ததல்ல. மலாயா, ஜாவா பக்கங்களில் வளரும் சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவில் செய்தது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து சரக்கு வருவது நின்றுபோனது. 1943வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மாவை எடுத்து, அதைக் குருணையாக உருட்டி, ஜவ்வரிசியைப் போலவே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். மரவள்ளியை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். பனையில்லாத ஜவ்வரிசி. சொல்லின் பழைய பொருளில் பார்த்தால் சுத்தமான போலி.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஆத்தூர் பக்கமும் சேலத்தைச் சுற்றியும் சேகோ ஆலைகள் வந்தன. குச்சிக்கிழங்கு போட்ட விவசாயி அந்த ஆலைகளை நம்பிப் பயிர் வைத்தார். 1981இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சேலத்துக் கிழங்கு ஜவ்வரிசிதான் வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இன்னொன்றைப் போல இருந்தது, இன்று மற்றவர்கள் போல ஆகப் பார்க்கிற அசலாக நிற்கிறது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது அந்த ஜவ்வரிசி மாவில் மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெள்ளை வெளேரென்று தெரிய ரசாயனம் போட்டு வெளுப்பதும் நடக்கிறது. வருத்தமான விஷயம். ஆனால் அதற்குச் சொல் வேறு.

அதாவது கலப்படம் வேறு, போலி வேறா?

ஆமாம். கலப்படத்தில் அசல் கொஞ்சமாவது இருக்கும், அதோடு வேறொன்று சேர்ந்திருக்கும். போலியில் அசல் இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படரும் மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மிளகோடு காய்ந்த பப்பாளி விதையைச் சேர்த்தால் கலப்படம். தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும். சப்பை மிளகும் மிதக்கும் என்பதால், மிதப்பதை எடுத்து நசுக்கி மோந்து பார்ப்பது நல்லது. மூட்டை முழுக்கப் பப்பாளி விதையைக் கட்டி மிளகு என்று விற்றால்தான் அது போலி மிளகு.

காபி இன்னும் தெளிவான உதாரணம். சிக்கரி சேர்த்த காபியை நம்மில் பாதிப் பேர் விரும்பியே குடிக்கிறோம். சட்டப்படி அந்தக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டின் மேல் எழுதவும் வேண்டும். எழுதினால் கலவை. எழுதாமல் சுத்தக் காபி என்று விற்றால் கலப்படம். ‘கலவை’, ‘கலப்பு’, ‘கலப்படம்’ மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. கடைசிச் சொல்லுக்கு மட்டும்தான் கெட்ட பெயர்.

‘டூப்ளிகேட்’ என்பது ‘போலி’க்குச் சரியான மாற்றா?

பேச்சில் அப்படித்தான் ஆகிவிட்டது. ‘டூப்ளிகேட் சரக்கு’ என்றால் போலிச் சரக்கு. ஆனால் ‘டூப்ளிகேட் சாவி’ என்றால் வீட்டுக்காரரே செய்து வைத்த இன்னொரு சாவி. தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு டூப்ளிகேட் வாங்குவது முறையான காரியம். ஒரே வாயில் இரண்டு பொருளும் புழங்குகின்றன. எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது.

இதற்குத் தமிழில் நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: அசல், நகல், போலி. அசலும் நகலும் அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்தவை. நகல் என்றால் தான் நகல் என்று ஒத்துக்கொள்கிற பிரதி. போலி அதை ஒத்துக்கொள்வதில்லை. பத்திர அலுவலகத்தில் ‘நகல் மனு’ போடுகிறோமே, அதைப் ‘போலி மனு’ என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

‘டூப்’ தனிக் கதை. ‘டூப் விடாதே’ என்றால் பொய் சொல்லாதே. சினிமாவில் ‘டூப் போட்டார்’ என்றால் கதாநாயகனுக்குப் பதிலாக இன்னொருவர் குதித்தார். சேலத்துக்காரர்களுக்கு இது வீட்டுச் சொல் மாதிரி. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த வளைவுக்குப் பின்னால் 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அங்கே 1940இல் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யூ. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். ஒருவரே இருவராகத் திரையில் நின்றபோது ஜனங்கள் ஏமாற்று என்று கல் எறியவில்லை, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தெரிந்தே நம்புவதற்குத்தானே டிக்கெட் வாங்குகிறோம்.

கிருஷ்ணகிரி மாம்பழத்தைச் சேலத்து மாம்பழம் என்று விற்கிறார்களே, அது போலியா?

பழைய சேலம் மாவட்டத்திலிருந்துதான் 1965இல் தருமபுரி பிரிந்தது. அந்தத் தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. மரத்துக்கு வயது மாவட்டத்தைவிட அதிகம். அதனால் அந்த வண்டிக்காரரை நான் போலி என்று சொல்லமாட்டேன். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்திருந்தால் சண்டை போடுவேன். அது வேறு குற்றம்.

பொய், புரட்டு, பித்தலாட்டம், மோசடி… இவற்றில் போலி எங்கே நிற்கிறது?

பொய் சொல்லில் இருக்கிறது. போலி பொருளில் இருக்கிறது. மோசடி செயலில் இருக்கிறது, அதில் ஒருவருக்கு நஷ்டம் வந்திருக்கும். போலிப் பத்திரம் தயார் செய்து, ‘என் நிலம்’ என்று பொய் சொல்லி, பணம் வாங்கினால் மோசடி. மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

பித்தலாட்டம் என்பதைப் பித்தளையைப் பொன் என்று காட்டுகிற ஆட்டம் என்றுதான் பட்டறைக்காரர்கள் விளக்குவார்கள். மோசக்காரரைப் ‘போர் ட்வென்ட்டி’ என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆனால் யாரும் யாரையும் ‘முந்நூத்திப் பதினெட்டு’ என்று திட்டுவதை நான் இன்னும் கேட்கவில்லை. சட்டத்தில் எண் மாறினாலும் தெருவில் மாறவில்லை.

போலிச் சாமியார், போலி மருத்துவர்: எங்கே ஒற்று மிகும்?

வல்லினத்துக்கு முன் மிகும்: போலிச் சாமியார், போலிக் கணக்கு, போலிப் பத்திரம். மற்ற எழுத்துக்கு முன் மிகாது: போலி மருத்துவர், போலி நகை. நாளிதழ்களில் ‘போலி சான்றிதழ்’ என்று பார்க்கிறேன். ‘போலிச் சான்றிதழ்’தான் சரி.

போலியா, போளியா?

தேங்காய்ப் பூரணமோ பருப்புப் பூரணமோ வைத்துத் தட்டி நெய்யில் சுடுவது போளி. ‘போலி கிடைக்கும்’ என்று எழுதிய பலகையைப் பார்த்தால் உள்ளே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் அப்படிச் சொல்லித்தான் ஒரு கடையில் திருத்தினார்கள்.

‘போலி’ என்ற சொல்லை மனிதர்கள்மேல் சொல்வது உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

ஒரு பையனுக்காக.

சேர்வராயன் மலைமேல் ஒரு ஊரிலிருந்து வந்து என்னிடம் பத்தாவது படித்தவன். மலையாளிப் பழங்குடி. இங்கே மலையாளி என்றால் மலையில் வாழ்கிறவர் என்று பொருள்; கேரளத்தோடு சம்பந்தமில்லை. அந்தப் பெயராலேயே அவர்கள் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒருமுறை விளக்கம் சொல்லியாக வேண்டும். மேல்படிப்புக்குச் சேரும்போது அவனுடைய சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் ஓர் அலுவலகத்தில் கொடுத்தான். அப்பா பெயர் ஒன்றில் ‘சடையன்’, இன்னொன்றில் ‘சடயன்’. மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ‘இது போலி போல இருக்கே’ என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஓர் ஐகாரம் இருந்த இடத்தில் அகரம். நன்னூல்படி அது இடைப்போலி. அரையர்–அரயர் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே விதி. அந்தப் பையன் அதைப் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தான். இலக்கணத்தில் பொருள் மாறாது என்று உறுதி கொடுக்கிற சொல், அந்த மேசையில் அவனைத் திருடனாக்கிவிட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. காதிரண்டும் சிவந்துபோய்க் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு சரிபார்த்தார்கள், சான்றிதழ் சரியானது என்று வந்தது, சேர்ந்தும்விட்டான். ஆனால் அன்று கீழே இறங்கி வந்து பேருந்துக்கு நிற்கும்போது, ‘டீச்சர், நாங்க யாரு மாதிரியும் இல்லீங்க, நாங்களேதான்’ என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அரசு வழக்கில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: மெய்த்தன்மை. ‘சான்றிதழின் மெய்த்தன்மையைச் சரிபார்க்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தால் போதும். வேலையும் நடக்கும், பையனும் தலைநிமிர்ந்து நிற்பான். சோதித்து முடிவு வந்தபிறகு சொல்லவேண்டிய சொல் போலி. சோதிப்பதற்கு முன்னால் சொன்னால், சொன்னவர் வாயில்தான் மெய் இல்லை.

அப்படியானால் போலி மருத்துவரைப் போலி மருத்துவர் என்று சொல்லக்கூடாதா?

தாராளமாகச் சொல்லுங்கள். படிக்காத படிப்பைப் பலகையில் எழுதி, ஊசி போடுகிறவர் உயிரோடு விளையாடுகிறார். அங்கே மென்மையான சொல் தேடுவது தப்பு. ஆனால் பரம்பரையாக எலும்பு கட்டுகிறவர், ‘நான் டாக்டர்’ என்று சொல்லிக்கொள்ளாதவர், அவரை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர் வைத்தியம் பலிக்குமா, அதில் ஆபத்து இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அவர் யாரைப் போலவும் நடிக்கவில்லை.

போலிச் செய்தி, போலிக் கணக்கு என்பதெல்லாம் சரியான பயன்பாடா?

போலிக் கணக்கு மிகச் சரி. இன்னொருவர் பெயரும் படமும் வைத்து அவர் போலவே திறந்த கணக்கு. போலிச் செய்தியும் சரிதான், செய்தியின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிற பொய் என்ற பொருளில். ஆனால் பிடிக்காத செய்திக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். தவறான தகவல் வேறு. அதை எழுதியவர் திருத்திக்கொள்வார். டீப்ஃபேக்கை ‘ஆழ்போலி’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. முகமும் குரலும் அப்படியே அவர்தான், ஆனால் அவர் இல்லை. மணிமேகலையின் ஏதுப்போலியை நினைவுபடுத்துகிறது.

கடைசியாக ஒன்று: நான் ஏமாந்துவிட்டேன். புகாரில் ‘போலி’ என்று எழுதலாமா?

முதல் வரியில் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். ‘80 டச் என்று ரசீதில் உள்ளது. சோதனையில் 62 டச் என்று வந்தது’ என்று எழுதினால் அதை யாராலும் மறுக்கமுடியாது. ‘போலிக் கொலுசு கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்’ என்று தொடங்கினால், இது போலியா இல்லையா என்ற சொற்போரிலேயே மாதங்கள் போய்விடும். சோதனை அறிக்கையை ஹால்மார்க் மையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரோடு ரசீதின் நகலை மட்டும் இணையுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.